வாடகை வீட்டின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, கொக்குவில் பக்கங்களில் முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவர், மேல்மாடியையோ ஓர் அறையையோ பல்கலைக்கழக மாணவருக்குக் கொடுத்து வாடகைச் சுமையைக் குறைத்துக்கொள்வது வழமையே. ஆனால் இலங்கையின் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின்படி, வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் வீட்டையோ அதன் பகுதியையோ கீழ்வாடகைக்கு விட முடியாது. மீறினால், வாடகைக்காரரையும் அவர் குடியமர்த்தியவரையும் சேர்த்து வெளியேற்றும்படி வீட்டுக்காரர் வழக்குத் தொடரலாம்.

எல்லா அறைகளும் இதற்குள் வருவதில்லை. பிரித்துக் காட்டக்கூடிய ஒரு பகுதியை ஒருவர் வாடகை செலுத்தித் தனியே அனுபவிக்க, அதன் மீதான கட்டுப்பாட்டை வாடகைக்காரர் கைவிட்டிருந்தால் மட்டுமே அது கீழ்வாடகை ஆகும். ஆகவே தனிவாசலும் தனிப்பூட்டும் உள்ள மேல்மாடியைக் கொடுப்பது ஒன்று. வீட்டார் வந்துபோகும் அறையில் ஒரு மாணவியைத் தங்கவைத்துச் சாப்பாடும் கொடுப்பது வேறொன்று. எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது என்பதால், ஐயமிருந்தால் கடிதம் வாங்கிவிடுவதே புத்தி.

1980, 2002 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களால் பல வீடுகள் இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அவ்வாறான வீடுகளுக்கு வாடகை ஒப்பந்தத்தில் எழுதியதே முதலில் பார்க்க வேண்டியது. கீழ்வாடகையைத் தடுக்கும் வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் உண்மையான சிக்கல், சம்மதம் தர வேண்டியவர் யார் என்பதே. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, மாதாமாதம் வாடகையை வாங்குபவர் அவருடைய சித்தப்பாவாக இருக்கலாம்; சீதனமாகக் கொடுத்த வீடு என்றால் உறுதி (வீட்டின் உரிமைப் பத்திரம்) மனைவியின் பெயரில் இருக்க, பேச்சு முழுவதும் கணவருடன் நடந்திருக்கலாம். வாடகை வாங்குவதற்கு இருக்கும் அனுமதி, கீழ்வாடகைக்குச் சம்மதிக்கும் அதிகாரம் ஆகிவிடாது. உறுதியில் பெயருள்ளவரின் கையொப்பத்தைக் கேட்டு வாங்க வேண்டும்; அவருக்காகக் கையொப்பமிடுபவர் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்பட எழுத்தில் கொடுத்த அதிகாரம்) பெற்றவராயின், அந்தப் பத்திரத்தின் பிரதியையும் சேர்த்து வாங்க வேண்டும். "அண்ணை ஓமெண்டவர்" என்பது வழக்கில் நிற்காது.

கடிதத்தில் எந்தப் பகுதி, யாருக்கு, எவ்வளவு காலம் என்பவை இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நிலையான காலத்துக்குக் கொடுப்பதாயின், 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அந்த ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். மாத வாடகைக்கு அது தேவையில்லை. கீழ்வாடகைக்கு விட்ட பின்னரும் வீட்டுக்காரருக்கு வாடகை கட்டும் பொறுப்பு முதல் வாடகைக்காரருக்கே உரியது. அறைக்கு வருபவரும் அட்வான்ஸ் கொடுக்க முன்னர் அந்தச் சம்மதக் கடிதத்தைக் கேட்டுப் பார்த்து, பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம்.