காற்று இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும்

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களில் மூட்டை குவியத் தொடங்கியதும் தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று எல்லா ஊர் குட்ஸ் ஷெட்டிலும் வேகன்கள் வந்து நிற்கும். இன்னொரு பக்கம் காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டி. இந்த வண்டிகளை ஓட்டுகிற லோகோ பைலட் நான். மூடின கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிறவர்களிடம் கேட்டால், "டிரைவர் பார்த்தா பிரேக் போட மாட்டாரா" என்பார்கள். போடுவேன், கட்டாயம் போடுவேன். ஆனால் நான் போட்ட பிறகு வண்டியில் என்ன நடக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இன்ஜினை மட்டும் பிடித்து நிறுத்தினால் வண்டி நிற்காது. டபிள்யூஏஜி-9 மின்சார இன்ஜினின் எடை 123 டன். அதன் பின்னால் 58 நிலக்கரி வேகன்கள் முழு பாரத்தோடு வந்தால் மொத்தம் 4,700 டன் அளவுக்கு வரும், நீளம் 650 மீட்டருக்குக் கிட்ட. அதனால் ஒவ்வொரு வேகனும் தன் சக்கரத்தைத் தானே பிடித்தாக வேண்டும். அதற்குத்தான் இன்ஜினிலிருந்து கடைசி வண்டி வரைக்கும் ஒரே குழாய் ஓடுகிறது, பிரேக் பைப் என்போம். அதில் எப்போதும் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். என் கேபினில் உள்ள ஏ-9 என்ற பிரேக் கைப்பிடியைத் திருப்பி அந்தக் காற்றை நான் வெளியே விட்டால், ஒவ்வொரு வேகனிலும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு குழாயில் அழுத்தம் குறைந்ததை உணர்ந்து, அந்த வேகனின் சொந்தத் தொட்டியில் சேர்த்து வைத்த காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும். காற்று குறைந்தால் பிரேக், ஏறினால் விடுதலை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது, அடிப்படை இன்னும் மாறவில்லை. ஓடும்போது வேகன்களைக் கோக்கிற கப்ளிங் அறுந்து வண்டி இரண்டானால் குழாயும் அறுந்து இரண்டு பாதியிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கும் யோசனை இது!

சரி, இதில் நேரம் எங்கே போகிறது? பயணிகள் ரயிலில் பிரேக் சிலிண்டர் 3 முதல் 5 விநாடியில் நிரம்பிவிடும். சரக்கு வேகனில் வேண்டுமென்றே 18 முதல் 30 விநாடி வைத்திருக்கிறார்கள். காற்று குறைகிற சேதி முன்னாலிருந்து பின்னால் போய்ச் சேர்வதற்குள் முன் வேகன்கள் சட்டென்று பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிற ஆயிரக்கணக்கான டன் அவற்றின் மேல் வந்து மோதும், வண்டியே தடம் புரளலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி 20 விநாடியில் 330 மீட்டரைக் கடந்துவிடும், அதுவரைக்கும் பிரேக் முழுசாகப் பிடித்திருக்காது. எமர்ஜென்சி போட்டால் குழாயில் காற்று வேகமாக இறங்கும், அவ்வளவுதான். வேகன் சிலிண்டரில் ஏறுகிற அழுத்தம் அதே 3.8 கிலோதான், சாதாரணமாக முழு பிரேக் போடும்போது (ஃபுல் சர்வீஸ்) வருவதைவிட ஒரு துளிகூட அதிகமில்லை. முன்கூட்டியே எச்சரிக்கிற டிஸ்டன்ட் சிக்னலை, வண்டி நிற்க வேண்டிய ஸ்டாப் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வைப்பது இதனால்தான்.

மின்சார இன்ஜினில் ரீஜெனரேட்டிவ் பிரேக்கும் உண்டு. மோட்டார்களே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி 25,000 வோல்ட் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். அருமையான வசதி, பிரேக் கட்டையும் தேயாது, எச்சரிக்கை உத்தரவு உள்ள இடங்களில் வேகத்தைக் குறைக்க அதைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் அது பிடிப்பது இன்ஜின் சக்கரத்தை மட்டும். பாரவண்டி கரையிறங்கும்போது மாட்டை முன்னால் நெட்டித் தள்ளுமே, அப்படித்தான் வேகன்கள் இன்ஜினைத் தள்ளும். குறுக்கே ஓர் ஆள் வந்துவிட்டால் அதை நம்ப முடியாது.

அப்புறம், எனக்கு ரொம்பக் கவலை தருவது நிற்கிற வண்டிதான்.

வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் பிரேக் பைப்பை இணைக்கிற ரப்பர் ஹோஸ் தொங்கும், அதை ஒட்டி குழாயைத் திறந்து மூடுகிற ஒரு சின்னக் கைப்பிடி, பெயர் ஆங்கிள் காக். சிக்னலுக்காக வண்டி நிற்கும்போது பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்ப்பதுண்டு. குழாய் அறுந்தால் வண்டி நின்றுவிடும் என்றேன் இல்லையா, இந்தக் கைப்பிடியை மூடினால் நடப்பது நேர் எதிர். அதற்குப் பின்னால் உள்ள வேகன்களில் காற்று அப்படியே அடைபட்டு நிற்கும். முன்னால் நான் எவ்வளவு காற்றை இறக்கினாலும் அவற்றுக்குத் தெரியாது, பிரேக் இல்லாமல் தள்ளிக்கொண்டு வரும். கிளம்புமுன் கடைசி வண்டியில் கார்டின் கேஜிலும் காற்று இறங்கி ஏறுகிறதா என்று சரிபார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். அந்தக் கைப்பிடியை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

குட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுகிற அண்ணன்மார் மதியம் நிழலுக்காக வேகனுக்கு அடியில் உட்காருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மின்சார இன்ஜின் டீசல் இன்ஜின் மாதிரி இரையாது; அரை கிலோமீட்டர் தள்ளி அது வந்து கோத்ததே உங்களுக்குக் கேட்காது, கப்ளிங் ஒவ்வொன்றாக இழுபட்டு வேகன் குலுங்கும்போதுதான் தெரியும். நிற்கிற வேகனில் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் நாங்களே அதை நம்புவதில்லை, ஹேண்ட் பிரேக் சுற்றி, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, சங்கிலி போட்டுத்தான் விட்டுப் போகிறோம். வேகனுக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டால், பிஸ்டன் உள்ளே போய் பிரேக் கட்டை சக்கரத்தைவிட்டு விலகுகிறது, வண்டி நகரத் தயார் என்று பொருள். அந்த நேரத்தில் அடியில் குனிந்து கடக்கவே கூடாது.

நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி 3 ஆண்டு வரையும், உடைத்தால் 5 ஆண்டு வரையும் சிறை. எங்காவது ஹோஸ் கழன்று கிடந்தாலோ, யாராவது ஆங்கிள் காக் கைப்பிடியைத் திருப்பிவிட்டுப் போவதைப் பார்த்தாலோ, நீங்களே சரிசெய்யப் போகாமல் உடனே கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 139-க்குப் போன் போடலாம்.