பித்தளைத் தோட்டாவுக்குக் கழுத்துப் பிடிப்பு

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் ஒரு கைப் பிரஸ்ஸில் வைத்து அமுக்கி, மருந்தும் குண்டும் புதிதாக வைத்துக்கொள்கிறார். சில தடவைக்கு ஒருமுறை கூட்டின் கழுத்தை மட்டும் தீயில் காட்டுகிறார். இளகுவதற்காம். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும் என்றுதானே படித்தோம்?"

நல்ல கேள்வி. (நம்மூரில் யாரும் முயல வேண்டாம். உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அது தூண்டில் போடுவதைப் போல ஒரு பொழுதுபோக்கு.)

1952-ல் வந்த .308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். கூடு பித்தளை: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உள்ளே வளிமண்டலத்தைப் போல நாலாயிரம் மடங்கு அழுத்தம் எழும். கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். இல்லாவிட்டால் வெளியே இழுக்கவே முடியாது. ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால்தான் டை என்கிற கெட்டியான அச்சுக்குள் தள்ளி அமுக்குகிறார்கள். எண்ணெய் தடவ மறந்தால் கூடு டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அப்புறம் அதன் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்க வேண்டியதுதான்.

குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர். கழுத்தின் உள்விட்டம் அதைவிட 0.05 மில்லிமீட்டர் போலக் குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பிடிதான் குண்டை நிறுத்தி வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், அமுக்கிய பித்தளை டையை விட்டு வந்ததும் சற்றே விரியும். புதுப் பித்தளை ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்றால், பலமுறை அடிபட்டது நாலு பங்கு விரியும். எட்டு மில்லிமீட்டர் கழுத்தில் அது தோராயமாக 0.03 மில்லிமீட்டர். டை அதேதான், அமுக்கிய கையும் அதேதான், ஆனால் பிடியில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விடுகிறது!

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல்யாண மண்டபத்தில் நீளமான ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும். மொத்தமாக இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகமும் அப்படித்தான் வளைகிறது. அணு வரிசைகள் மொத்தமாக வழுக்குவதில்லை. வரிசையில் உள்ள ஒரு பிசகு நகர்ந்து நகர்ந்து வேலையை முடிக்கிறது. 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

சரி, பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து மடிப்பைத் தள்ளினால்? மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டி, ஜமக்காளம் நின்றுவிடும். பித்தளையை ஒவ்வொரு முறை நெளிக்கும்போதும் பிசகுகள் பெருகுகின்றன, சிக்கிக்கொள்கின்றன. கழுத்தோ ஒரு சுற்றில் மூன்று முறை நெளிகிறது: சுடும்போது விரிந்து, டையில் தேவைக்கு மேலேயே ஒடுங்கி, டையின் நடுக்கம்பியில் இருந்து கழுத்துக்குள் போய் வரும் உருண்டையால் மறுபடி சற்று விரிந்து. கெட்டிப்பட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரு நாள் நெடுக்காக விரிசல் விடும்.

தீ காட்டினால் அணுக்களுக்கு அசையத் தெம்பு கிடைக்கிறது. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிக்கலான பழைய படிகங்களை விழுங்கிக்கொண்டு புதுப் படிகங்கள் முளைக்கின்றன. ஜமக்காளத்தை உதறி விரித்த மாதிரி. எஃகு தண்ணீரில் கெட்டிப்படுவதற்குக் காரணம் உள்ளே மாட்டிக்கொள்ளும் கார்பன். பித்தளையில் அது கிடையாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரில் போட்டால், சூடு அடிப்பகுதிக்கு ஓடாமல் இருக்கத்தான். அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது; வாயு சுடுகிறவர் முகத்தைத் தேடி வரும். ராணுவத்துக்குச் செய்யும் புதுத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். அழுக்கில்லை, தீ பட்ட அடையாளம்.

பித்தளை விரிசலில் நம் பக்கத்துக் கதையும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, ஈரம், அழுத்தி இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் சேர்ந்த வேலை என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் விளக்கினார்கள். மிதமாகச் சூடேற்றி உள்விசையைத் தளர்த்தினால் போதும். இன்று ஒருவர் குதிரை மூத்திரத்தை ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்தால், கமிட்டி சிரித்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடும் என்பது என் சந்தேகம்.

எங்கள் பாட்டியின் பித்தளைத் தூக்கு ஒன்று கீழே விழாமலே வாயில் விரிசல் விட்டது. திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார்கள். தூக்கு தொங்கிய ஆணி மாட்டுக் கொட்டிலில், கோமியம் வடிந்தோடும் பள்ளத்துக்கு நேர் மேலே இருந்தது.