டயரின் கடைசி இரண்டு எண்கள்

காருக்குப் பெரிய அலாய் வீல் போடும் ஆசை வந்தால் முதலில் டிசைனைப் பார்ப்போம், அப்புறம் எத்தனை அங்குலம் என்று கேட்போம். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் இரண்டிலக்க எண் இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

மாருதி பலேனோவை எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்ட்டில் வந்த டயர் 185/65 ஆர்15. டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ.; ரிம் 15 அங்குலம். ரிம்மின் 381 மி.மீ.யோடு மேலும் கீழும் உள்ள சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. மேல் வேரியன்ட்டில் வந்தது 195/55 ஆர்16. அதன் விட்டம் 620.9. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் சக்கரத்தின் உயரம் மாறவில்லை, சுவர்தான் குறைந்திருக்கிறது.

அந்த விட்டம் மாறக்கூடாது. சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் ஸ்பீடோமீட்டர் கணக்குப் போடுகிறது. 205/60 ஆர்16 போட்டால் விட்டம் 5 சதவீதம் கூடிவிடும். மீட்டர் காட்டுவதைவிட வேகமாகக் கார் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும்.

சரி, விட்டத்தைச் சரிக்கட்டிவிட்டோம். 17 அங்குலத்துக்கு 205/45 ஆர்17 கிடைக்கிறது, விட்டம் 616. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஆனால் இங்கேதான் சிக்கல்.

காரின் எடையைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரிம் பெரிதாகிச் சுவர் ஒடுங்கினால் காற்றுக்கான இடம் சுருங்குகிறது. அதே அழுத்தத்தில் அது தாங்கும் பாரமும் குறைகிறது. அந்த இரண்டிலக்க எண் சொல்வது இதைத்தான். பழைய 15 அங்குல டயரில் 88 என்றிருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84தான், 500 கிலோ. அகலம் கூடியும் டயருக்கு 60 கிலோ குறைவு.

குடும்பமும் பெட்டிகளுமாக நெடுஞ்சாலையில் போகும்போது இந்தக் குறை வெளிப்படும். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. பாரம் மிஞ்சினால் மடிப்பு ஆழமாகும், ரப்பர் சூடேறும். அந்தச் சூடு டயரின் அடுக்குகளைப் பிரித்துவிடலாம்.

இதற்காகவே எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், அதாவது கூடுதல் பாரம்) வகை டயர்கள் இருக்கின்றன. உடல் வலுவானது என்பதால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். 205/45 ஆர்17 எக்ஸ்எல் வகையில் 88 கிடைக்கும், பழைய 560 கிலோ திரும்பிவிடும். ஆனால் சாதாரண டயர் தன் முழுப் பாரத்தை 36 பி.எஸ்.ஐ. காற்றில் சுமக்கிறது என்றால், எக்ஸ்எல் டயருக்கு அதே வேலைக்கு 42 வேண்டும். எக்ஸ்எல் வாங்கிவிட்டுக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள பழைய அழுத்தத்தையே வைத்தால் வாங்கிய பலன் பாதி போய்விடும். முன்பு 30 வைத்த இடத்தில் ஏறக்குறைய 35 வைக்க வேண்டும்.

அத்தனை காற்றும், 92 மி.மீ. சுவரும் சேர்ந்தால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்கு வரும், ரிம்மும் அடிவாங்கும். இந்த அளவுக் காருக்கு நான் 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வேன்.