முதலில் டிமெசேஜைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். தானே எழுதிய கெர்னல் மாட்யூலை, அதாவது லினக்ஸின் மையமான கெர்னலோடு ஓடும்போதே சேர்க்கும் நிரல்துண்டை, இன்ஸ்மாட் என்ற கட்டளை கொடுத்து ஏற்றப் பார்த்திருக்கிறார். "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று வந்ததும் ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கம்பைலரை மாற்றி, அப்புறம் லினக்ஸையே மறுபடி நிறுவி, இரண்டு நாளைத் தொலைத்திருக்கிறார். கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளையான டிமெசேஜ் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

ஃபார்மட் என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். மாட்யூலை மறுக்கும்போது கெர்னல் திருப்பித் தருவது வெறும் ஒரு பிழை எண். பல காரணங்களுக்கு அதே 8தான். அந்த எண்ணுக்கு இன்ஸ்மாட் போடும் பொத்தாம்பொதுவான வாசகம்தான் நீங்கள் பார்ப்பது. உண்மையான காரணம் டிமெசேஜின் கடைசி வரிகளில் இருக்கும். பெரும்பாலும் "வெர்ஷன் மேஜிக்", அதாவது எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது என்று மாட்யூலில் பதிந்திருக்கும் அடையாள வரி, பொருந்தவில்லை என்றுதான். ஒரு கெர்னலுக்காகக் கட்டியதை இன்னொன்றில் ஏற்றுகிறீர்கள். பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் ப்ரீஎம்ப்ட் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவது) அமைப்பு வேறாக இருந்தால் போதும், உள்ளே விடாது. அப்டேட் போட்டுவிட்டு ரீபூட் செய்ய மறந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஓடும் கெர்னலின் பதிப்பை யூநேம் ஆர் கட்டளை காட்டுவதையும், மாட்யூலின் விவரம் சொல்லும் மாட்இன்ஃபோ காட்டும் வெர்மேஜிக்கையும் (அதே வெர்ஷன் மேஜிக்தான்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஃபோர்ஸ் போட்டு ஏற்றாதீர்கள். கெர்னல் தன் தரவுகளை மெமரியில் அடுக்கும் ஸ்ட்ரக்சர் அமைப்பு மாறியிருந்தால் உங்கள் மாட்யூல் யாருடைய மெமரியிலோ எழுதும். கெர்னலும் "எஃப்" என்று டெய்ன்ட் ஆகிவிடும், அதாவது கறைபட்டது என்று தன்மேல் குறி போட்டுக்கொள்ளும். அதன்பின் நீங்கள் அனுப்பும் பக் ரிப்போர்ட்டை யாரும் சீந்தமாட்டார்கள். கெர்னல் அடிக்கடி மாறும் கணினி என்றால் டி.கே.எம்.எஸ். என்ற கருவியில் மாட்யூலைச் சேர்த்துவிடுங்கள், புதுக் கெர்னலுக்குத் தானே மறுபடி கட்டிக்கொள்ளும்.

"அன்நோன் சிம்பல்" (மாட்யூல் கேட்கும் ஒரு பெயர் கெர்னலில் கிடைக்கவில்லை) என்று வந்தால் இன்ஸ்மாட்டை விடுங்கள், அது சார்பு மாட்யூல்களைத் தேடாது. எது எதைச் சார்ந்தது என்று பட்டியல் போடும் டெப்மாட் ஓட்டிவிட்டு, சார்புகளையும் சேர்த்து ஏற்றும் மாட்ப்ரோப் கொடுங்கள்.

"ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" என்றால், நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் பாதுகாப்புதான் காரணம். சரி, உடனே பயாஸுக்குள் போய் அதை அணைக்க வேண்டுமா? வேண்டாம். மாட்யூலைச் சொந்தச் சாவியில் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை மாக்யூடில் என்ற கருவியில் பதிவு செய்யுங்கள். ரீபூட்டில் வரும் நீலத் திரையை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அங்கே ஒப்புக்கொண்டால்தான் சாவி ஏறும். கையொப்பம் ஃபைலின் வாலில் ஒட்டியிருப்பது. அதன்பிறகு ஃபைலின் தேவையற்ற பகுதிகளை வெட்டும் ஸ்ட்ரிப் கட்டளையை ஓட்டினால் அதுவும் போய்விடும். இதில் நானும் ஒருமுறை அரைநாள் மாட்டிக்கொண்டேன்.

உதவி கேட்கும்போது டிமெசேஜின் கடைசி இருபது வரிகளை எழுத்தாகவே அனுப்புங்கள். திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து.