முதலில் டயர், அப்புறம் மேக்ஸ்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் நிற்கும். முதல் தலைமுறை கோல்ஃபை ஐரோப்பா 1983இல் கைகழுவிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலோ அதே உடம்பு 'சிட்டி கோல்ஃப்' என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அப்பா வாங்கி, சித்தப்பா ஓட்டி, இப்போது பையன் கைக்கு வந்திருக்கும். வந்ததும் முதல் வேலை ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்குவது. அடுத்து மேக்ஸ், அதாவது அகலமான அலாய் சக்கரங்கள். எல்லாம் முடிந்து, கையில் இருந்த ரேண்டும் கரைந்த பிறகு, டயர் கடை வாசலில் கடைசியாகக் கேட்பார்கள்: "அண்ணே, இதுக்கு என்ன சைஸ் டயர் போகும்?"

வரிசையே தலைகீழ். காருக்கு எந்த டயர் வேண்டும் என்று முடிவான பிறகுதான் அதற்கு எந்த அகல ரிம் என்று பார்க்க வேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

டயரின் பக்கத்தில் 175/70 ஆர் 13 என்று இருந்தால், 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று வேறு அளவுமுறைகளை ஒரே வரியில் எழுதிய மகானுக்கு ஒரு கும்பிடு. 175இல் 70 சதவீதம் 122.5 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, ஆக 245. பதிமூன்று அங்குலம் 330.2 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 575 மி.மீ. இந்தக் கோல்ஃபின் கியர், ஸ்பீடோமீட்டர், மட்கார்டின் வளைவு எல்லாமே ஏறத்தாழ இந்த விட்டத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

பதினைந்து அங்குல மேக்ஸ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 195/50 ஆர் 15 டயரின் விட்டம் 576 மி.மீ., கிட்டத்தட்ட அதே. 195/45 என்றால் 556. மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் 120 காட்டும்போது கார் உண்மையில் 116இல்தான் போகும். அபராதச் சீட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல செய்திதான், ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அதே அளவு கூடுதலாகச் சுற்றும். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பது பொதுவான வழக்கு.

இந்தச் சின்ன டயரில் ஒரு வேடிக்கை உண்டு. விட்டம் 19 மி.மீ. குறைந்தால் கார் அதில் பாதி, சுமார் 9 மி.மீ., இறங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமல், அது அமுங்கும் தூரத்தில் எதையும் இழக்காமல், சும்மா கிடைக்கிற இறக்கம் அது. ஆனால் பையன்களுக்கு இது பிடிக்காது. அச்சும் உடம்பும் சேர்ந்தே இறங்குவதால், டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி அதே 9 மி.மீ. கூடித் தெரியும். கார் தாழ்ந்திருக்கும், பார்வைக்கு உயர்ந்தது போல இருக்கும். உடனே ஸ்பிரிங்கில் இன்னொரு சுற்றை வெட்டச் சொல்வார்கள்.

இனி அகலம். டயரில் அச்சிட்டிருக்கும் 195 என்பது எந்த ரிம்மில் மாட்டினாலும் மாறாத எண் அல்ல. ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அளவுகோல் ரிம் உண்டு. 195/50 ஆர் 15க்கு அது 6 ஜே, அதாவது ஆறு அங்குல அகலம். அதில் மாட்டி அளந்தாலே சுமார் 201 மி.மீ. வரும். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் சுமார் 5 மி.மீ. அகலும். ஆக 7 ஜே ரிம்மில் அதே டயர் சுமார் 211 மி.மீ. இடத்தை அடைக்கும். இந்த அளவுக்கு அனுமதித்த ரிம் அகலம் ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை. 195/45க்கு ஆறு முதல் ஏழரை. இந்த எல்லைகளை டயர் செய்கிறவர்களின் அட்டவணையில் பார்க்கலாம். கடைக்காரர் நினைவிலிருந்து சொல்வதை நம்புவதைவிட அட்டவணையைக் காட்டச் சொல்வது நல்லது.

அகல டயர் போட்டால் ரோட்டைப் பிடிக்கும் பரப்பு கூடிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான், ஏறக்குறைய, டயர் தரையைத் தொடும் பரப்பு. முன்சக்கரம் ஒன்றின்மேல் 270 கிலோவும் உள்ளே 2 பார் அழுத்தமும் இருந்தால் சுமார் 130 சதுர சென்டிமீட்டர். டயரை அகலமாக்கினாலும் அழுத்தம் மாறாதவரை இது பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து குறுக்கே அகலும். வளைவில் திரும்பும்போது இந்த வடிவம் உதவும், ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று பதில் கிடைக்கும். ஆனால் டிசம்பர் மாதத்து டர்பன் மழையில் அகன்ற டயர் தன் முன்னால் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், நீர்ப்படலத்தின்மேல் சீக்கிரம் மிதக்கவும் செய்யும்.

தாழ்த்திய காரில் உண்மையான சண்டை நடப்பது விட்டத்தில் அல்ல, டயரின் தோளில். தோள் என்பது தரையைத் தொடும் பட்டையும் பக்கச்சுவரும் சேரும் மூலை. குழியில் விழுந்து சக்கரம் மேலே ஏறும்போது மட்கார்டின் உதட்டில் முதலில் மோதுவது அதுதான். தோள் எங்கே நிற்கும் என்பதை ரிம்மின் அகலமும் 'ஈ.டி.' என்ற எண்ணும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அச்சில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஈ.டி. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும்.

6 ஜே, ஈ.டி. 38 சக்கரத்தைக் கழற்றிவிட்டு 8 ஜே, ஈ.டி. 20 போட்டால் என்ன ஆகும்? ஆறு அங்குலத்தில் பாதி 76 மி.மீ., அதில் 38 போக, வெளி விளிம்பு அச்சு முகத்திலிருந்து 38 மி.மீ. தள்ளி நிற்கும். எட்டு அங்குலத்தில் பாதி கிட்டத்தட்ட 102, அதில் 20 போக 82. சக்கரம் 43 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கமும் 7 மி.மீ. நெருங்கியிருக்கிறது, ஷாக் அப்சார்பர் தண்டு அந்தப் பக்கம் காத்திருக்கிறது. எந்த டயர் போட்டால் தீரும் என்று இந்த இடத்தில் கேட்பதில் பயனில்லை. இது மேக்ஸ் வாங்கிய அன்றே தோற்றுப்போன கணக்கு.

இதோடு இன்னொன்றும் சத்தமில்லாமல் கெடுகிறது. இந்தக் கோல்ஃபின் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயரின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே தரையைத் தொடும்படி பொறியாளர்கள் அமைத்திருந்தார்கள். ஒரு பக்க பிரேக் மட்டும் நன்றாகப் பிடித்தாலும், ஒரு டயர் வெடித்தாலும், காரை நேராக வைத்துக்கொள்ளும் திசையில் ஸ்டீயரிங் தானே திரும்பப் பார்க்கும். பிரேக் குழாய்களை மூலைவிட்டமாக இரண்டு சுற்றாகப் பிரித்த காருக்கு இது கட்டாயத் தேவை. ஈ.டி. 18 மி.மீ. குறைந்தால் டயரின் நடுக்கோடு 18 மி.மீ. வெளியே போய் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

சரி, அகல மேக்ஸ் வாங்கியாயிற்று, டயர் உரசுகிறது. அப்போதுதான் 'ஸ்ட்ரெச்' வருகிறது. எட்டு அங்குல ரிம்மில் 165/50 ஆர் 15 டயரை இழுத்து மாட்டுவது. பக்கச்சுவர் சாய்ந்துகொள்ளும், தோள் உள்ளே ஒதுங்கும், மட்கார்டின் உதடு டயரின் தோளுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே புகுந்து இறங்கும். பார்க்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. நான் இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

டயரின் வேலை என்ன என்று யோசித்தால் காரணம் புரியும். காரைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. பக்கச்சுவர் வெளியே உப்பி, மடங்கி, நிமிர்ந்து குழியின் அடியை வாங்கிக்கொள்கிறது. ஸ்ட்ரெச் செய்த பக்கச்சுவர் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல, இனி நீள இடமில்லாமல் நிற்கிறது. அடி நேராக ரிம்முக்குப் போகும். நடைபாதைக் கல்லில் டயருக்குப் பதில் ரிம்மின் உதடே உரசும். டயரின் ஓரத்தில் எஃகுக் கம்பி வளையம் வைத்த 'பீட்' ரிம்மில் உட்காரும் கோணமும் மாறுகிறது. அதை விளிம்போடு அழுத்தி வைத்திருப்பது காற்றழுத்தம்தான். மெல்லக் காற்று இறங்கி, ஒரு வளைவில் பக்கவாட்டு விசை வந்தால், பீட் நழுவி உள்ளே விழும், டயர் கழன்றுவிடும். மாட்டும்போதே பீட் உட்காராது என்பதால் சிலர் டியோடரன்ட் ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீக்குச்சி காட்டுவார்கள். கண்ணும் கையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் நிற்காமல் இருப்பது நல்லது.

அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கிறது, பலர் பார்க்காதது: சுமைக் குறியீடு. 175/70 ஆர் 13இல் வழக்கமாக 82 என்று இருக்கும், ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். 195/50 ஆர் 15இலும் 82தான். 195/45இல் 78, அதாவது 425 கிலோ. 165/50 ஆர் 15இல் 72 என்றால் 355 கிலோ, அதுவும் அதற்குரிய ரிம்மில் மாட்டினால். கோல்ஃபின் வெற்று எடை சுமார் 870 கிலோ. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஐந்து பேர் பால்குடமும் தேங்காயுமாக ஏறினால் 1,250. நான்கால் வகுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இன்ஜின் இருக்கும் முன்பக்கத்தின் பங்கு அதிகம், பிரேக் அடித்தால் இன்னும் அதிகம், வளைவில் வெளிச்சக்கரத்துக்கு அதற்கும் மேல்.

தாழ்த்துவதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்சம் உள்ளது 20 சதவீதம் விறைப்பாகும். அமுங்கும் தூரமோ அதைவிட வேகமாகக் குறையும். கோல்ஃபின் முன்பக்கம் மெக்பர்சன் அமைப்பு: மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தண்டு, கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கரம். கீழ்க்கரம் கிடைமட்டமாகவோ வெளிமுனை சற்றே தாழ்ந்தோ இருக்கும்வரை, சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்ளே சாயும், வளைவில் டயர் தரையோடு படியும். மிகவும் தாழ்த்தினால் கரத்தின் வெளிமுனை மேல்நோக்கிப் போய், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கும். முப்பது நாற்பது மி.மீ. இறக்கத்தோடு நிறுத்தினால் டயருக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. எப்படியும் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள் ஓரம் கம்பி தெரியும்வரை தேய்ந்துவிடும், வெளியே நின்று பார்ப்பவருக்குப் பட்டை புதிதாகவே தெரியும். தென்னாப்பிரிக்கச் சட்டம் கேட்பது சுற்றிலும், அகலம் முழுக்க, குறைந்தது ஒரு மில்லிமீட்டர் பட்டை ஆழம். உள் ஓரத்துக்கு விலக்கில்லை.

என்னைக் கேட்டால் இந்தக் காருக்கு 195/50 ஆர் 15, ஆறரை அல்லது ஏழு ஜே ரிம், ஈ.டி. 35 சுற்றி. மட்கார்டு உதட்டை மடித்தும் உரசினால் மட்டும் 195/45. அதை எடுத்தால் காற்றையும் மாற்ற வேண்டும். பழைய டயரில் 2 பார் வைத்திருந்தால், அதே சுமையைத் தாங்க 195/45க்கு 2.3 பார் வேண்டும். மாட்டிய பிறகு பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, மட்கார்டு உதட்டின் உள்பக்கம் சாக்பீஸ் பூசி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியபடி ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். டயரில் வெள்ளை ஒட்டியிருக்கும் இடம்தான் உரசும் இடம்.

என்3 நெடுஞ்சாலையில் ஜோஹானஸ்பர்க் போய்வருகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே கிட்டத்தட்ட 0.2 பார் குறைவு. டயர் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். எனவே அங்கே குளிர்ந்த டயரில் 2.3 வைத்துவிட்டு டர்பனுக்கு இறங்கினால், ஓட்டை எதுவும் இல்லாமலேயே 2.1தான் காட்டும். பக்கச்சுவர் குட்டையான டயரில் அந்த 0.2 பார், குழியில் ரிம் வளைவதற்குப் போதும். வீட்டுக்கு வந்ததும் மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், மறுபடி அளந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.