கப்பல் மலிவு, விமானம் விலை: அட்லாண்டிக் கடக்கும் குரூஸுக்கு ஒருவழி டிக்கெட் எடுக்கும் முன்

வருடத்துக்கு இரண்டு தடவை பெரிய சொகுசுக் கப்பல்கள் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. குளிர்காலம் முழுக்க கரீபியன் தீவுகளைச் சுற்றிய கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியதரைக் கடலுக்குப் போகும். அக்டோபர், நவம்பரில் திரும்ப ஃபுளோரிடாவுக்கு வரும். காலியாக ஓட்டிப் போகாமல் அதையே 12 முதல் 15 இரவுப் பயணமாக விற்கிறார்கள். நடுவில் துறைமுகம் குறைவு, கடல் நாட்கள் அதிகம். அதனால் ஒரு நாளைக்கான கட்டணம் வழக்கமான குரூஸைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். ஓய்வு பெற்றவர்களும், எங்கிருந்தும் வேலை பார்க்கக்கூடியவர்களும் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள். நியூஜெர்சியில் விமான டிக்கெட் போடும் தொழிலில் இருக்கும் எனக்கு, நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இதற்காக வரும் அழைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன.

அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, பார்சிலோனாலேர்ந்து மயாமிக்குக் கப்பல் புக் பண்ணிட்டோம். ரொம்ப சல்லிசு. போறதுக்கு மட்டும் ஃப்ளைட் பாத்துச் சொல்லுங்க."

"சார், கப்பலுக்கு டெபாசிட் கட்டியாச்சா?"

"நேத்தே கட்டியாச்சே."

"திரும்பக் கிடைக்கிற டெபாசிட்டா?"

அங்கே ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்தைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன். கப்பலுக்குப் பணம் கட்டும் முன் விமானத்தை விலை பாருங்கள். இந்த வகைப் பயணத்தில் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கப்பல் அல்ல, அந்த ஒரு வழி விமானம்.

அமெரிக்காவுக்குள் ஒருவழிக் கட்டணம் ஏறக்குறைய போகவர கட்டணத்தில் பாதியாக இருக்கும். நெவார்க்கிலிருந்து ஃபோர்ட் லாடர்டேலுக்கு அப்படித்தான். அதே கணக்கு அட்லாண்டிக்குக்கும் பொருந்தும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பொருந்தாது. டிக்கெட் போட எங்களைப் போன்ற முகவர்கள் பயன்படுத்தும் அமேடியஸ் கணினித் திரையில் ஒரு வழித்தடத்தின் கட்டணப் பட்டியலைத் திறந்தால் ஓடபிள்யூ, ஆர்டி என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதலாவது ஒருவழி, இரண்டாவது போகவர. பழைய பெரிய விமான நிறுவனங்களின் மலிவான கட்டண வரிசைகளில் ஒருவழிப் பத்தி காலியாகக் கிடக்கும். தொகை ஆர்டி பத்தியில் மட்டும் இருக்கும். பக்கத்தில் குறைந்தபட்சத் தங்கலுக்கான பத்தியில் எஸ்யூ என்று இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறக்காமல் திரும்ப முடியாது என்று பொருள். திங்கள் போய் வியாழன் திரும்பும் அலுவலகப் பயணிக்கு மலிவுக் கட்டணம் போய்விடாமல் இருக்கப் போட்ட பழைய வேலி அது. ஒருவழி கேட்பவருக்குத் திரும்பும் தேதியே இல்லை, ஆகவே அந்த வேலிக்குள் அவரால் நுழைய முடியாது. பட்டியலின் மேலே, விலை உயர்ந்த வரிசைகளில்தான் அவருக்கு இடம். போகவர 600 டாலர் காட்டும் அதே இருக்கை ஒருவழிக்கு 1,500 காட்டுவது இப்படித்தான்.

எல்லா நிறுவனங்களும் இன்னும் அப்படி இல்லை என்பதுதான் நல்ல செய்தி. நியூயார்க்கிலிருந்து லிஸ்பனுக்கு டாப் போர்ச்சுகல், டப்ளினுக்கு ஏர் லிங்கஸ், ரெய்க்யவிக் வழியாக ஐஸ்லாண்ட்ஏர், லண்டனுக்கு ஜெட்புளூ, பார்சிலோனாவையே தளமாக வைத்திருக்கும் லெவல், பாரிஸ் ஓர்லிக்கு ஃப்ரெஞ்ச் பீ, 2022-இல் பறக்கத் தொடங்கிய நார்ஸ் அட்லாண்டிக் ஆகியவை ஒருவழியை நியாயமான விலைக்கு விற்பவை. இவர்கள் இருக்கும் வழித்தடங்களில் பெரிய நிறுவனங்களும் போட்டிக்காக இறங்கி வருவதுண்டு. ஆனால் மலிவு விமானத்தில் பணம் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வாவ் விமான நிறுவனம் 2019 மார்ச்சில் திடீரென நின்றது. நார்வீஜியன் 2021-இல் நெடுந்தூரச் சேவையை விட்டது. ப்ளே 2025 செப்டம்பரில் மூடியது. பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே இப்படிப்பட்ட நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பவர் டெபிட் கார்டில் கட்டவே கூடாது. கிரெடிட் கார்டு என்றால் சேவை கிடைக்காத பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது.

தேதியும் முக்கியம். விமான உலகத்தில் கோடைகால அட்டவணை முடிந்து, அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்கும். கோடைக்கு மட்டும் ஓடும் பல அட்லாண்டிக் சேவைகள் அத்தோடு நின்றுவிடும். கப்பல் நவம்பர் முதல் வாரம் பார்சிலோனாவிலிருந்து கிளம்புகிறது என்றால், ஆகஸ்டில் நீங்கள் பார்த்துவைத்த நேரடி விமானம் அந்த வாரம் இல்லாமலே போகலாம். தேடும்போது கப்பலின் தேதியைப் போட்டே தேடுங்கள்.

கூகுள் ஃப்ளைட்ஸில் ஒரே தேடலில் பல விமான நிலையங்களைக் கொடுக்க முடியும். கிளம்பும் இடத்தில் நெவார்க்கோடு நியூயார்க்கின் ஜேஎஃப்கே, பாஸ்டன் இரண்டையும் சேருங்கள். இறங்கும் இடத்தில் பார்சிலோனாவோடு மாட்ரிட், லிஸ்பன், டப்ளின், பாரிஸ் எல்லாவற்றையும் போடுங்கள். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். மாட்ரிட் டிக்கெட் 200 டாலர் குறைவாக இருந்தால் ரயிலில் போய்ச் சேருவது நல்ல வழி. லண்டனை மட்டும் யோசித்துச் சேருங்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு அரசு வரி உண்டு. வசந்த காலக் கப்பலில் சவுத்தாம்ப்டன் போய் இறங்கி அங்கிருந்து அமெரிக்கா திரும்புபவருக்கு, எகானமி வகுப்பிலேயே அது 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை ஆளுக்கு 90 பவுண்டு, 2026 ஏப்ரலிலிருந்து 102 பவுண்டு. டப்ளினில் அப்படி ஒரு வரி கிடையாது. தவிர, டப்ளினிலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்துவிடலாம்.

இப்படித் தேடும்போது ஒரு பொறி வரும். நெவார்க்–டப்ளின் ஒரு டிக்கெட், டப்ளின்–பார்சிலோனா வேறொரு மலிவு விமானத்தில் தனி டிக்கெட் என்று எடுத்தால் கூட்டுத்தொகை அழகாக இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரு தம்பதி இப்படித் தாங்களாகவே இணைத்த டிக்கெட்டோடு, கப்பல் கிளம்பும் அன்றைக்கே போய் இறங்கத் திட்டமிட்டிருந்தார்கள். முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடியும் இரண்டாவது விமானம் போய்விட்டது. அவர்கள் பார்சிலோனா வந்தபோது கப்பல் துறைமுகத்தை விட்டிருந்தது. அடுத்த நிறுத்தம் மலகாவாக இருந்ததாலும், அங்கே ஏறிக்கொள்ள கப்பல் நிறுவனம் அனுமதி கொடுத்ததாலும் ரயிலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கப்பல் நேராகக் கடலைக் கடப்பதாக இருந்திருந்தால் அடுத்த கரை ஃபுளோரிடா. வாரக் கடைசிக் கரீபியன் குரூஸைத் தவறவிடுவதும் இதைத் தவறவிடுவதும் ஒன்றல்ல.

ஆகவே, ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருந்தால் கப்பலுக்கு முந்தின நாளாவது போய் இறங்குங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு நாள் முன்பே. அந்த ஓட்டல் செலவை விமானச் செலவோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். பல நேரம் 80 டாலர் கூடுதலான நேரடி விமானமே கடைசியில் மலிவாக முடியும்.

கப்பல் விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பி விமானம் எடுக்காதீர்கள். 'ரோம்' என்றால் சிவிதவேக்கியா, நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'லண்டன்' என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் போக முடியாது. 'வெனிஸ்' என்று விற்கப்படும் பல பயணங்கள் ரவென்னாவிலோ திரியஸ்தேயிலோ கிளம்புகின்றன. மறுபக்கம் ஃபுளோரிடாவில் போர்ட் கனாவரல் துறைமுகம் ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகமோ விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

'போகவர எடுத்துவிட்டு, திரும்பும் பகுதியை விட்டுவிடலாமே' என்று கேட்பவர்கள் நிறைய. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பல நிறுவனங்களின் விதிமுறைகளுக்கு அது விரோதம். நீங்கள் பறந்து சேர்த்த புள்ளிகள் இருக்கும் மைல்ஸ் கணக்கில் கை வைக்கக்கூட அவர்களுக்கு இடம் இருக்கிறது. நான் அப்படி டிக்கெட் போட்டுக் கொடுப்பதில்லை. இதில் சிலர் செய்யும் விபரீதம் வேறு. வசந்தத்தில் கப்பலில் ஐரோப்பா போய், விமானத்தில் திரும்புபவர், நெவார்க்–பார்சிலோனா–நெவார்க் டிக்கெட் எடுத்து, முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறலாம் என்று நினைக்கிறார். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மிச்சம் முழுக்க ரத்தாகிவிடும். பார்சிலோனா கவுன்டரில் நின்றுதான் அது தெரியவரும்.

இதற்கு விதியை மீறாத அருமையான வழி ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதே இல்லை. மே மாதம் கப்பலில் ஐரோப்பா போய் விமானத்தில் வீடு திரும்புகிறீர்கள். அதே வருடம் அக்டோபரில் விமானத்தில் ஐரோப்பா போய்க் கப்பலில் திரும்ப ஆசை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: மே மாதம் பார்சிலோனா–நெவார்க், அக்டோபரில் நெவார்க்–ரோம். ஐரோப்பாவில் தொடங்கி ஐரோப்பாவில் முடியும் முறையான போகவர டிக்கெட் அது. அதிகபட்சத் தங்கலாக ஒரு வருடம் அனுமதிக்கும் கட்டணமாகப் பார்த்து எடுத்தால், இரண்டு ஒருவழிகளுக்குத் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் நன்றாகக் குறையும்.

மைல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. யுனைடெட், ஏர் கனடாவின் ஏரோபிளான், ஏர் பிரான்ஸ்–கேஎல்எம்மின் ஃப்ளையிங் புளூ போன்ற திட்டங்களில் மைல்ஸ் டிக்கெட் ஒருவழியாகவே விலையிடப்படுகிறது. போகவர எடுத்தால்தான் மலிவு என்ற நிபந்தனை இல்லை. கிரெடிட் கார்டு பாயிண்ட்ஸை மளிகைக் கூப்பனாக மாற்றிச் செலவழிக்கும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதை வைத்திருந்து இதற்குப் பயன்படுத்துங்கள். கப்பல் நிறுவனங்களே விற்கும் விமானத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்: பிரின்சஸின் ஈஸிஏர், ராயல் கரீபியனின் ஏர்2சீ, ஹாலந்து அமெரிக்காவின் ஃப்ளைட் ஈஸ். இவர்களிடம் ஒப்பந்தக் கட்டணம் இருப்பதால் பெரிய நிறுவனத்தின் ஒருவழியே சில சமயம் ஆச்சரியப்படும் விலைக்குக் கிடைக்கும்.

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானத்தை ஏழு நாளுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தால், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் முழுப்பணத்தோடு ரத்து செய்யலாம்; அல்லது பணம் கட்டாமல் அந்த விலையை 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும். விமானத்தைப் பிடித்து வைத்துவிட்டு அன்றைக்கே கப்பலை முடிப்பதற்கு இந்த அவகாசம் போதும். விலை சமமாக இருந்தால் ஐரோப்பிய நிறுவனத்தையே எடுங்கள். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போகும்போது, நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஐரோப்பியச் சட்டப்படி 600 யூரோ இழப்பீடு அவர்கள்மேல்தான் விழும். அதே திசையில் அமெரிக்க நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கப்பல் போனால் போனதுதான், அதை இந்தச் சட்டம் ஈடுகட்டாது. அதற்குப் பயணக் காப்பீடு வேண்டும்.

பெட்டிக் கணக்கையும் முதலிலேயே சேருங்கள். மிக மலிவான கட்டணங்கள் சிலவற்றில் இருக்கைக்கு அடியில் வைக்கும் பை மட்டும்தான் இருக்கும். இரண்டு வாரக் கப்பலுக்கு ஆளுக்கொரு பெரிய பெட்டியாவது வரும்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பெற்றோர் பற்றி. நவம்பரில் சென்னையிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஏப்ரலில் கப்பலேற்றி, பார்சிலோனாவிலிருந்து அப்படியே சென்னைக்கு அனுப்பலாம். அதற்கு ஒருவழிகள் வேண்டாம். சென்னை–நியூயார்க், பார்சிலோனா–சென்னை என்று ஒரே டிக்கெட்டாக முதலிலேயே எடுங்கள். போகவர கட்டணமாகவே அது கணக்கிடப்படும்.

ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இல்லாமல் ஃபுளோரிடாவில் கப்பல் ஏறவே விடமாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் வந்திருப்பவரின் ஷெங்கன் விண்ணப்பத்தை இங்குள்ள தூதரகங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவதுதான் வழி. கிரீன் கார்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கப்பல் நடுவில் மொராக்கோ போய்விட்டு மீண்டும் ஸ்பெயினைத் தொடுவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். பெற்றோர் கடல் வழியாக வெளியேறிய சில நாள் கழித்து, அமெரிக்காவுக்குள் வருவதையும் வெளியேறுவதையும் காட்டும் ஐ-94 இணையதளத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கப்பல் பயணச்சீட்டையும் பார்சிலோனா–சென்னை போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை விசா நேர்காணலில் கேட்டால் காட்ட அவை வேண்டும்.