வேலையில் அடிபட்டால் இழப்பீடு: எந்த அலுவலகம், எவ்வளவு பணம், எங்கே ஏமாற்றுவார்கள்

வேலை பார்க்கும்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். தப்பு அவர்மேல் இருக்கிறது என்று காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான். 1923-இல் இயற்றி 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அதற்கு முன்னால், 'கூட வேலை பார்த்தவன் செய்த தவறு', 'ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்' என்று சொல்லியே முதலாளிகள் தப்பிவிட முடிந்தது. 1948-இல் தொழிற்சாலைச் சட்டமும், இ.எஸ்.ஐ. எனப்படும் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் வந்தன. 1984 போபால் விஷவாயுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தை இறுக்கினார்கள். வரலாறு இது போதும். நூறு வருஷமாகச் சட்டம் இருந்தும் கப்பலூர்ப் பட்டறையிலும் மேலூர்க் கல்குவாரியிலும் அடிபட்டவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார் என்றால், அதற்குச் சட்டத்தில் ஓட்டை காரணமில்லை. முதல் சில நாளில் எழுதப்படும் காகிதங்களும், தட்டக்கூடாத கதவைத் தட்டி இழக்கும் மாதங்களும்தான் காரணம்.

முதல் காகிதம் ஏ.ஆர். காப்பி. பெரியாஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், அடிபட்டு வருபவரின் விவரத்தை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு அடிபட்டது என்று கூட வந்தவர் சொல்வதுதான் அதில் ஏறும். கூட வருபவர் பெரும்பாலும் சூப்பர்வைசர் அல்லது மேஸ்திரி. அவர் 'வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்', 'பைக்கில் போகும்போது விழுந்தார்' என்று சொல்லிவிட்டால் கதை பாதி முடிந்தது. பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டார் படித்துப் பார்க்க மாட்டார்கள். ரெண்டு வருஷம் கழித்து விசாரணையில் முதலாளியின் வக்கீல் முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான்.

அதனால் வீட்டிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், டியூட்டி டாக்டரிடம் நிறுவனத்தின் பெயர், எந்த மெஷின், எத்தனை மணி என்ற மூன்றையும் சொல்லி எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறாக ஏறியிருந்தால், அடிபட்டவருக்கு நினைவு திரும்பியதும் அவர் வாயால் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் பதியச் சொல்ல வேண்டும். அதே வாரத்தில் போலீசிலும் எழுதிக்கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 'கம்பெனி பார்த்துக்கொள்ளும், ஸ்டேஷனுக்கு எதற்கு' என்று யாராவது சொன்னால் அன்றைக்கே போங்கள்.

அடுத்தது எந்தக் கதவு என்ற கேள்வி. இதில்தான் வருஷக்கணக்கில் வீணாகிறது. அடிபட்டவர் இ.எஸ்.ஐ.க்குள் வருபவரானால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது. இது தெரியாமல் ஆணையரிடம் மனு போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, கடைசியில் 'இது இ.எஸ்.ஐ. கேஸ்' என்று தள்ளுபடி வாங்கியவர்கள் உண்டு. மனுவை வாங்கும் அன்றைக்கே கவுன்டரில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க மாட்டார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பொதுவாக இ.எஸ்.ஐ. இங்கே பொறி என்னவென்றால், நிறுவனம் இ.எஸ்.ஐ.யில் இருக்கும், ஆனால் உங்கள் பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் எட்டுப் பேருக்கு மட்டும் பணம் கட்டுவது சாதாரணம். பெயர் இல்லாததால் உரிமை போகாது. வேலை விபத்துக்கு 'இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பொருந்தும். முதலாளி கட்டாததை இ.எஸ்.ஐ. கழகம் அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். கவுன்டரில் 'உங்க பேர் சிஸ்டத்தில் இல்லை' என்று திருப்பி அனுப்பினால் வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். வேலை பார்த்ததற்கான சான்றோடு மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.

இன்னொரு தந்திரம்: காலையில் விபத்து நடக்கும், மாலையில் ஆன்லைனில் பெயரைச் சேர்ப்பார்கள். பதிவு நேரத்தைப் பார்த்ததும் கழகத்துக்குச் சந்தேகம் வரும், விசாரணை என்று கோப்பு நிற்கும். அந்த விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் எத்தனை மாதமாக வேலை பார்த்தீர்கள் என்ற உண்மையைச் சொல்லுங்கள். 'நேற்றுதான் சேர்ந்தேன் என்று சொல்' என்று முதலாளி சொல்லிக்கொடுப்பது, அவருடைய பழைய பாக்கியைக் காப்பாற்றத்தான்.

இ.எஸ்.ஐ.யில் மொத்தமாகப் பணம் வராது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் அதன் அளவுக்கேற்ப ஆயுள் முழுக்க மாதப் பணம். இறந்துபோனால் அதே 90 சதவீதக் கணக்கில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று சார்ந்தோர் உதவி. மருத்துவச் சான்று இ.எஸ்.ஐ. டாக்டரிடமிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் தேதி விட்டுப்போனால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால், அந்த பில் முழுசாகத் திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சேர்ந்தால்கூட உடனே டிஸ்பென்சரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்குத்தான் ஆணையர். சின்னப் பட்டறை, கட்டட வேலை, லாரி டிரைவர், கிளீனர், டிராக்டரில் உழவு ஓட்டுபவர், 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர் எல்லாரும் இந்த வரிசை. 'தினக்கூலிக்குச் சட்டம் பொருந்தாது' என்பது பழைய கதை. தற்காலிக வேலையாட்களை ஒதுக்கிவைத்த வாசகத்தை 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள். 'ஆள் கான்ட்ராக்டருடைய ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்பதும் நிற்காது. கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும், யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளி கட்ட வேண்டும். அவர் பிறகு கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம். மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள். லாரி, டிராக்டர் என்றால் வண்டியின் பாலிசி நகல்தான் பணம் வரும் வழி. வண்டி விபத்தில் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம், ஆணையர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கணக்கு கடினமில்லை. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பாக எடுப்பார்கள். 2020 ஜனவரி 3 முதல் இந்தத் தொகை. இறப்புக்குச் சம்பளத்தில் 50 சதவீதத்தையும், முழு நிரந்தர ஊனத்துக்கு 60 சதவீதத்தையும் வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். காரணி 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. நாற்பது வயதுக்காரர் மாதம் 18,000 வாங்கி வேலையில் இறந்துபோனால் 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். அதே ஆளுக்குக் கட்டைவிரல் போனால் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. முழு ஊனத்துக்கான 16,57,530-இல் 30 சதவீதம், 4,97,259 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி; 2009 திருத்தத்துக்குப் பிறகு உண்மையான மருத்துவச் செலவையும் முதலாளியே தர வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு முதலாளி நீட்டும் ஐம்பதாயிரத்தைப் பாருங்கள்.

சதவீதத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், அவர் இனி தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் அது நூறு சதவீத இழப்பு என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதிசெய்தது. சான்று தரும் டாக்டரிடம் 'கை 40 சதவீதம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். நீங்கள் செய்த வேலையைச் சொல்லி, அதை இனி எந்த அளவுக்குச் செய்ய முடியும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இனி பத்திர விஷயம். இறப்பு நடந்த மூன்றாம் நாளே ஊர்ப் பெரியவர், ஸ்டேஷனுக்கு வேண்டியவர் என்று நாலு பேர் உட்கார்ந்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று மனைவியிடம் கையெழுத்து வாங்குவார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு விபத்துகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டப்படி இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனு போடலாம். இழப்பீட்டுக்கான முன்பணம் என்று வாங்கியிருந்தால், அதில் மூன்று மாதச் சம்பளம் வரை மட்டுமே ஆணையர் கழிப்பார். முதலமைச்சர் நிவாரண நிதி, கட்டுமான நல வாரியப் பணம் இரண்டும் தனி; அவை வந்துவிட்டதால் முதலாளியின் கடன் தீர்ந்துவிடாது.

'குடித்திருந்தார்', 'மெஷின் கார்டை (பாதுகாப்பு மூடியை) அவரே கழற்றினார்' என்ற பதில் கட்டாயம் வரும். இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது. விரல் போன கேஸ்களில் மட்டும் எடுபடும்; அங்கேயும் அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. உற்பத்தி வேகத்துக்காகக் கார்டைக் கழற்றி வைக்கச் சொன்னதே சூப்பர்வைசர் என்றால், கூட வேலை பார்த்த ஒருவரைச் சாட்சியாகப் பிடித்துவையுங்கள். அவர் வேலையை விட்டு நின்ற பிறகு சாட்சி சொல்லச் சம்மதிப்பது சுலபம்.

கல்குவாரி, கிரஷர், பஞ்சாலையில் தூசியால் வரும் நுரையீரல் நோயும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது, விபத்துக்குச் சமம். பெரும்பாலும் 'டி.பி.' என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை வருஷம், என்ன தூசியில் வேலை என்பதை டாக்டரிடம் நீங்களாகச் சொன்னால்தான் பதிவாகும்.

மனுவுக்குக் கெடு இரண்டு வருஷம். 'கம்பெனி தருகிறேன் என்றது, காத்திருந்தேன்' என்பதால் கெடு தாண்டுவதே அதிகம். தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கே தனியாக ஒரு சுற்று வாய்தா ஓடும். மதுரைக்காரர்களுக்கு எல்லீஸ் நகர் தொழிலாளர் துறை வளாகம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். திருப்பூரில் இறந்தவருக்காக உசிலம்பட்டியிலிருந்து திருப்பூருக்கு அலைய வேண்டாம். வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில் தூங்குகிறது என்று மனுவையே நிறுத்திவைக்காதீர்கள்; முதலில் மனு, சான்று பின்னால். சம்பளத்துக்கு ரசீது இல்லையென்றால் சனிக்கிழமைக் கூலி நோட்டு, ஜிபே வரவு, வாட்ஸ்அப்பில் மேஸ்திரி அனுப்பிய ஷிப்ட் செய்தி எல்லாம் உதவும். தொழிற்சாலை என்றால், 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத விபத்தை பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நிர்வாகம் அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு சாட்சியம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இங்கே சொன்ன அடிப்படைகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து இ.எஸ்.ஐ.யில் 2010 முதலே உண்டு. தொகுப்பில் மற்றவர்களுக்கும் சேர்த்திருக்கிறார்கள். எந்தச் சட்டம் என்பதை விபத்து நடந்த தேதி தீர்மானிக்கும். 'சட்டம் மாறிவிட்டது, புது ஃபாரம் வரட்டும்' என்று கவுன்டரில் சொன்னால், வெள்ளைத்தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள். கெடு ஃபாரத்துக்காகக் காத்திருக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேளுங்கள். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உரிமை உண்டு. 'வருவதில் முப்பது சதவீதம்' என்று பேசும் புரோக்கரிடம் வங்கிப் புத்தகத்தையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் கொடுக்காதீர்கள்.

உத்தரவு வந்ததும் வட்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாத தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்திருந்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அபராதம் தானாக வராது, மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும். முதலாளி 'அப்பீல் போகிறேன்' என்று மிரட்டினால், மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் முன் அவர் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டியாக வேண்டும். கெடு 60 நாள். கட்டிவிட்டாரா என்பதை ஆணையர் அலுவலகத்தில் கேட்டு, டெபாசிட் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கைப் பெரும்பாலும் வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுவார்கள். பள்ளிக் கட்டணத்துக்கோ வைத்தியத்துக்கோ வேண்டுமென்றால், பில்லை இணைத்து ஆணையரிடமே தனி மனு போட்டு எடுக்க வேண்டும். பேங்க் மேனேஜரிடம் கெஞ்சிப் பயனில்லை.